பச்சைப் புள்ளி

உங்களுக்கு எத்தனாம் நம்பர் அண்ணாச்சி? பதிமூணா? எனக்குப் பதினேழு. இப்ப உள்ள போயிருக்கது எட்டு. மத்தியானச் சாப்பாட்டை மறந்துர வேண்டியதுதான். இந்த டாக்டர் ஆளுக்குப் பத்து நிமிஷம் எடுப்பாரு. எப்படித் தெரியும்னு கேக்கீயளா? ஆஸ்பத்திரி பெஞ்சுதான் எனக்கு ஆபீசு. மருந்துக் கம்பெனியில முப்பத்தோரு வருஷம். டை கட்டி, கறுப்புப் பையைத் தூக்கிக்கிட்டு, நோயாளியெல்லாம் போன பொறவு கடைசியா உள்ள போவானுவளே, ரெப்பு, அதான். இப்ப ஏரியா மேனேஜர். எனக்குக் கீழ ஒம்பது பேரு, தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் அந்தப் பக்கம் பூரா. இந்த நாகர்கோவில் என் ஏரியா கிடையாது. அதனாலதான் இங்க வந்தேன். எங்க ஊர்ல எந்த டாக்டர்ட்டப் போனாலும் "வாங்க சார்"னு எந்திரிச்சிருவாவ, கம்பவுண்டர் வரைக்கும் என்னைத் தெரியும்.

எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. வாயு. நெஞ்சுல இங்கன வந்து அடைச்சுக்கிடுது. எங்க கம்பெனியிலேயே அதுக்கு மாத்திரை இருக்கு, நான் வித்த மாத்திரையைக் கொட்டினா இந்த ஹாலு நிறைஞ்சு போவும். காலையிலயே ரெண்டு போட்டுட்டேன். சரி, எதுக்கும் ஒரு தடவை காட்டிருவோமேன்னு வந்தேன். அந்த ஃபேனு சுத்துதா, சுத்துத மாதிரி நடிக்குதா? வேர்த்து ஊத்துது.

நீங்க பாக்கதுக்கு நிதானமான ஆளா இருக்கீய, அதான் பேசுதேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. ஒரு பயலை நான் கொன்னுட்டேன்னு எங்க ஏரியாவுல பேசுதானுவ. நான்! ஒரு எறும்பை மிதிச்சிருக்க மாட்டேன் அண்ணாச்சி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாவ. நீங்க முழுசாக் கேட்டுட்டு, எம்மேல தப்பு இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

முந்தின வருஷம் ஆனி மாசம் கம்பெனியில ஒரு ஆப்பு கொண்டாந்தானுவ. போன்ல போட்டுக்கிடணும். ரெப்பு எங்க நிக்கான், எங்க போறான், எந்த டாக்டர் வாசல்ல எத்தனை நிமிஷம் இருந்தான், எல்லாம் என் போன்ல தெரியும். ஆளுக்கு ஒரு புள்ளி. ஓடிக்கிட்டு இருந்தா பச்சை. இருவது நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல நின்னா மஞ்சள். போனை அணைச்சா சிவப்பு. சிவப்பாயிட்டா அன்னைக்கு லீவுன்னு கணக்கு. அதுவும் கம்பெனி தனியா ஒரு போன் குடுக்கல. குடுத்தா இந்தப் பயலுவ அதை வீட்ல வச்சுட்டுப் போயிருவானுவன்னு மேல உள்ளவனுக்குத் தெரியும்லா. அவனவன் சொந்தப் போன்லதான் போடணும். பொண்டாட்டி கூப்பிடுத போன், பிள்ளை படம் வச்சிருக்க போன், அதுல.

நியாயம்தானே? பயலுவ லேசுப்பட்டவனுவ இல்ல. ஏன், நானே வாலிபத்துல மேட்னி ஷோ பாத்துக்கிட்டே பத்து டாக்டரைப் பாத்ததா எழுதியிருக்கேன். இடைவேளையில முறுக்கு தின்னுக்கிட்டே ரெண்டு டாக்டர் சேத்து எழுதுவேன். அதெல்லாம் அந்தக் காலம். இன்னைக்குச் சம்பளம் குடுக்கவன் கேக்கான், என் நேரத்துல நீ எங்க இருக்கன்னு. கேக்கக் கூடாதா?

கூட்டம் போட்டு எல்லாத்துக்கும் ஆப்பைப் போட்டுக் குடுத்தேன். எட்டுப் பேரு மூச்சுக் காட்டல. ஒருத்தன் மட்டும் எந்திரிச்சான். ஜெபசிங். தென்காசி டவுனும் கடையநல்லூர், புளியங்குடி ரோடும் அவன்கிட்டதான் இருந்துச்சு. முப்பத்தஞ்சு வயசு, வாட்டசாட்டமா இருப்பான், டாக்டர்மாருக்கெல்லாம் அவன்னா உசுரு. "சார், ஞாயித்துக்கிழமையும் இது ஓடுமா? நான் கோயிலுக்குப் போறது, ஆஸ்பத்திரிக்குப் போறது, மாமியா வீட்டுக்குப் போறது, அதெல்லாம் கம்பெனி எதுக்குப் பாக்கணும்?"னு கேக்கான். கேட்டான்னா சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான். நானும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "மடியில கனமில்லேன்னா வழியில என்னப்பா பயம்?"னு. எல்லாரும் சிரிச்சானுவ. அவன் உக்காந்துட்டான்.

அதுல இருந்து எனக்குச் சோறு தண்ணி அந்தப் போன்தான். ஒம்பது புள்ளியும் ஊருது, நான் பாத்துக்கிட்டே இருப்பேன். எங்க வீட்ல அவ சொல்லுவா, "சோத்தைப் பாத்துத் தின்னுங்க, முள்ளு சிக்கிறப் போவுது"ன்னு. எவன் எந்த டீக்கடையில எத்தனை நிமிஷம், எவன் கொழுந்தியா வீட்டுக்கு எந்தக் கிழமை, எல்லாம் எனக்கு அத்துப்படி. சும்மா தமாசுக்குக் கேப்பேன், "என்னடே, நேத்துப் புளியங்குடியில மாமியா கையால கோழிக்குழம்பா?"ன்னு. அப்படியே மூஞ்சி வெளுத்துப் போவும். எனக்குச் சிரிப்பு சிரிப்பா வரும். வேற ஒண்ணும் செய்ய மாட்டேன் அண்ணாச்சி, யாரையும் போட்டுக் குடுத்தது கிடையாது. நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும், பய ஒழுங்கா இருப்பான்.

பத்தாம் நம்பரைக் கூப்பிடுதா பாருங்க. அந்தம்மா மெதுவாப் போட்டும். முட்டுவலி போல இருக்கு.

போன கார்த்திகையில ஒரு செவ்வாக்கிழமை. காலையில பத்து மணிக்குப் பாக்கேன், ஜெபசிங் புள்ளி பச்சையா கடையநல்லூர்ப் பக்கம் போய்க்கிட்டு இருக்கு. அன்னைக்கு அவன் போக வேண்டிய ஊரு அதான். சரி, நல்ல பிள்ளைன்னு விட்டுட்டேன்.

பதினொண்ணரை இருக்கும், அவன் பொண்டாட்டி போன் அடிக்கா. மெர்லின்னு பேரு, பள்ளிக்கூடத்து டீச்சர். அவ எனக்குப் போன் போடுதது அதான் முதல் தடவை. "சார், அவிய போனை எடுக்க மாட்டேங்காவ. எங்க இருக்காவன்னு தெரியுமா சார்?"னு கேட்டா. எனக்கு ஒரே பெருமை. நம்மகிட்ட இருக்கிற வசதி யார்கிட்ட இருக்கு? "ஒரு நிமிஷம் இரும்மா"ன்னு மேப்பைத் தொறந்து பாத்து, "கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போய்க்கிட்டு இருக்கான், பைக்ல இருப்பான், அதான் எடுக்கல"ன்னு சொன்னேன். "நல்லாத் தெரியுமா சார்?"ங்கா. "என் கண்ணு முன்னால ஓடுதும்மா"ன்னேன்.

ஒரு மணிக்கு மறுபடியும் அடிக்கா. "இன்னும் எடுக்கல சார். பதினாலு தடவை போட்டுட்டேன். எனக்கு என்னமோ போல இருக்கு." எதுக்குப் பயப்படுதன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கா. "ஒண்ணுமில்ல சார், சும்மாதான் சார்"னு இழுக்கா. நான் என்ன நினைப்பேன்? பொம்பளைக்குச் சந்தேகம் வந்துட்டுன்னு நினைச்சேன். புத்திமதி சொன்னேன் அண்ணாச்சி. "இந்தா பாரும்மா, புருசனைச் சந்தேகப்படுதது குடும்பத்துக்கு ஆகாது. அவன் புளியங்குடியில டாக்டர் வாசல்ல நிக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?" அவ போனை வச்சுட்டா.

இருந்தாலும் மனசு கேக்காம நானும் அவன் நம்பருக்குப் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. "கால் மீ"ன்னு மெசேஜ் போட்டேன். ரெண்டாவது நிமிஷம் பதில் வருது. "டாக்டர்கிட்ட இருக்கேன் சார், பொறவு கூப்பிடுதேன்"னு. போதாதா? மூணு மணிக்கு அந்தப் பொண்ணு மூணாவது தடவை போட்டப்போ எனக்குக் கோவம் வந்துட்டு. "இப்பதாம்மா எனக்கு மெசேஜ் போட்டிருக்கான், கல்லு மாதிரி இருக்கான், நீ போயி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து"ன்னு சத்தம் போட்டு வச்சுட்டேன். என் இடத்துல நீங்க இருந்தா வேற என்ன சொல்லியிருப்பீய? சொல்லுங்க.

கொஞ்சம் தண்ணி இருக்கா அண்ணாச்சி? இன்னொரு மாத்திரை போட்டுக்கிடுதேன். இந்தத் தாடையில ஒரு குடைச்சல், பல்லுவலி மாதிரி. வாயு எங்கெல்லாம் போவும்னு நினைக்கீய, தலை உச்சி வரைக்கும் போவும்.

அஞ்சு மணிக்கு ஒரு புது நம்பர். போலீஸ்காரரு. "ஒரு பையில உங்க கார்டு இருந்துச்சு சார். ஜெபசிங்னு உங்க கம்பெனி ஆளா?"ன்னு கேட்டாரு. ஆமாம்னேன். "பொட்டல்புதூர் தாண்டி கால்வாய்க் கரையில பைக்கோட விழுந்து கிடக்காரு. உசுரு இல்ல. ஆடு மேய்ச்சவரு பாத்துச் சொன்னாரு. வந்து அடையாளம் காட்டணும்." நான் சொல்லுதேன், "சார், அது வேற யாரோ. எங்க ஆளு சங்கரன்கோவில் ரோட்டுல இருக்கான்." "அடையாள அட்டை இருக்கு சார்"ங்காரு அவரு. "அட்டையை எவனாவது திருடியிருப்பான் சார். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்லா, பச்சையா ஓடுது, இந்தா இப்பக்கூட ஓடுது"ன்னு நான் விடாம வாதாடுதேன். அவரு மெதுவாச் சொன்னாரு, "சார், என் காலடியில கிடக்காரு சார்."

சத்தியமாச் சொல்லுதேன், அப்பவும் நான் போனைத்தான் பாத்தேன். புள்ளி போய்க்கிட்டே இருந்துச்சு.

என்ன நடந்துருக்குன்னா, இசக்கியப்பன்னு இன்னொரு ரெப்பு, அவன்தான் ஜெபசிங் போனைத் தன் பையில போட்டுக்கிட்டு ஊரூராத் திரிஞ்சிருக்கான். இந்தப் பயலுவளுக்குள்ள இப்படி ஒரு ஏற்பாடு. ஒருத்தனுக்குச் சொந்த வேலை இருந்தா, அடுத்தவன்கிட்ட போனைக் குடுத்துருவான். அவன் ரெண்டு பேரு டாக்டரையும் சேத்துப் பாத்துருவான், ரெண்டு புள்ளியும் ஓடும். எட்டு மாசமா என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கானுவ, கேட்டீயளா. மெசேஜ் போட்டதும் இசக்கிதான். பதினாலு தடவை வீட்ல இருந்து போன் வந்ததைப் பாத்துருக்கான். எடுத்தா மாட்டிக்கிடுவோம்னு எடுக்கல. அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு போனையும் கையில வச்சுக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னு, சின்னப்பிள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

ஜெபசிங்குக்கு வலிப்பு இருந்துருக்கு அண்ணாச்சி. சின்ன வயசுல வந்து நின்னு போனது, ரெண்டு வருஷமா மறுபடியும் வந்துருக்கு. மாசத்துல ரெண்டு செவ்வாக்கிழமை பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில மாத்திரை வாங்கப் போவானாம். நாள் பூரா பைக் ஓட்டுத வேலை. வலிப்புன்னு தெரிஞ்சா கம்பெனி வச்சிருக்குமா? மறுநாளே ராஜினாமா எழுதி வாங்கிருவான். அதான் யாருக்கும் சொல்லல. பொண்டாட்டிக்குத் தெரியும், இசக்கிக்குத் தெரியும். போனைக் கை மாத்துதது மட்டும் பொண்டாட்டிக்குத் தெரியாது. பாளையங்கோட்டைக்கு நேர் ரோடு ஆலங்குளம் வழி. அங்கன டீக்கடையில நம்ம கம்பெனி ஆளு எவனாவது நிப்பான்னு பயந்து, ஆள் நடமாட்டம் இல்லாத கால்வாய்க் கரை வழியாப் போயிருக்கான். பத்தரை மணிக்கு வலிப்பு வந்து விழுந்துருக்கான். மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்துருக்கும்னு அறுத்துப் பாத்த டாக்டர் சொன்னாராம்.

அந்தப் பொண்ணு அதனாலதான் பயந்துருக்கா. என்கிட்ட வாயைத் தொறந்து சொல்லவும் முடியல, சொன்னா வேலை போயிரும். சொல்லாமலும் இருக்க முடியல. சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன மனுசன் இல்லையா? வேலையை விட உசுரு பெருசுன்னு ஒரு டீச்சருக்குத் தெரியாதா? இதை நான் கேட்டா மட்டும் எல்லாவனுக்கும் கோவம் வருது.

பிணக்கிடங்கு வாசல்ல நான் போய் நிக்கேன், மாலையோட. ஊரே கூடியிருக்கு. அவ என்னைப் பாத்தா. அழல. நேரா வந்து, எல்லாரும் கேக்க, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "சார், நான் கேட்டப்பம் 'தெரியலம்மா'ன்னு சொல்லியிருந்தீயன்னா, நான் அந்த வழியிலேயே தேடிப் போயிருப்பேனே சார். எனக்கு அந்த வழி தெரியும். நீங்க தெரியும்னு சொன்னீய, அதனாலதான் நான் போவல." அவ்வளவுதான். எவனும் என் மூஞ்சியைப் பாக்கல. என் கையில இருந்த மாலையை யாரும் வாங்கவும் இல்ல. அதைத் தூக்கிக்கிட்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தேன்.

நான் பொய் சொன்னேனா அண்ணாச்சி? மேப்புல இருந்ததைச் சொன்னேன். அதுல அப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஆபீஸ் கணக்குப்படி ஜெபசிங் பதினோரு டாக்டரைப் பாத்துருக்கான். அதுல ஏழு பேரைப் பாத்தது செத்ததுக்குப் பொறவு. அந்தச் சீட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. கிழிச்சுப் போடணும்னு நினைப்பேன், மனசு வராது.

பன்னெண்டா கூப்பிட்டா? அடுத்து நீங்கதான். இருங்க, சுருக்கமாச் சொல்லி முடிச்சிருதேன். நீங்க ஏன் என் கையையே பாக்கீய? மரத்துப் போன மாதிரி இருக்கு, அதான் தேய்ச்சு விடுதேன். பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்லா.

இசக்கியை நான் காட்டிக் குடுக்கல. அது என் நல்ல மனசு. அவன் சொன்னான், "நான் உண்மையைச் சொல்லிருதேன் சார், அந்தக்கா கால்ல விழுந்துருதேன்"னு. நான்தான் தடுத்தேன். "கோட்டிக்காரப் பயலே, சொல்லி என்ன ஆவப் போவுது, செத்தவன் வருவானா? உன் வேலை போவும், போலீஸ் கேஸ் ஆவும், எட்டு மாசமா மேனேஜர் கண்ணை மூடிக்கிட்டு இருந்தானான்னு என்னையும் கேப்பானுவ." போனை அவன் பையோட சேத்து வீட்ல குடுக்க வச்சேன். ஆனா பொம்பளை லேசுப்பட்டவளா? அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ வாய்ல இருந்து ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாது. கம்பெனி பாக்கது சீட்டை மட்டும்தான். தை மாசம் எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்பினானுவ, நாள் தவறாம எல்லாப் புள்ளியும் பச்சையா இருந்த ஏரியான்னு.

அதுக்குப் பொறவு நான் உக்காந்து யோசிச்சேன். எங்க ஓட்டை? ஆளும் போனும் தனித்தனியாப் போவ முடியுது, அதான் ஓட்டை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மூஞ்சியைப் போட்டோ பிடிச்சு அனுப்பணும்னு ஒரு திட்டம் எழுதி நானே மேல அனுப்பினேன். அது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா ஜெபசிங் பிழைச்சிருப்பான். எங்கயும் போயிருக்கவே மாட்டான்லா! மேல உள்ளவனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒண்ணாந் தேதியில இருந்து வருது. அதோட, மேனேஜருக்கும் ஆப்பு உண்டுன்னு சொல்லி எனக்கும் போட்டுட்டானுவ. இப்ப நானும் ஒரு புள்ளி. மெட்ராஸ்ல ஒருத்தன் என்னைப் பாத்துக்கிட்டு இருக்கான். நான் கவலைப்படல. மடியில கனமா இருக்கு நமக்கு?

ஆனா ஒண்ணு. அம்பத்தஞ்சுக்கு மேல உள்ள மேனேஜரையெல்லாம் கழிச்சுக்கட்டப் பாக்கானுவ. நெஞ்சுவலின்னு ஒரு டாக்டர் வாசல்ல என் புள்ளி ஒரு மணி நேரம் மஞ்சளா நின்னுச்சுன்னா, மறுநாளே "ஓய்வு எடுங்க சார்"னு தபால் வந்துரும். எங்க ஏரியா டாக்டர்னாலும் வேலையாப் போனேன்னு சொல்லிக்கிடலாம், ஆனா அவரு என் மேல உள்ள பிரியத்துல நாலு பேருட்டச் சொல்லிருவாரு. அதனாலதான் இவ்வளவு தூரம். உள்ள பேரு கேட்டாளுவ, ராமையான்னு சொல்லி வச்சேன். ஊரு கேட்டாளுவ, பணகுடின்னேன். ரெண்டும் இல்ல.

ஐயோ, சிஸ்டரைக் கூப்பிடாதீய அண்ணாச்சி! ஒண்ணுமில்ல, உக்காருங்க. இந்தச் சட்டை நனைஞ்சது புழுக்கத்துல. முப்பத்தோரு வருஷமா நோயாளியெல்லாம் போனப்புறம் உள்ள போய்ப் பழகினவன் நான், முந்திக்கிட்டுப் போவ மாட்டேன். பதினேழு வரட்டும். கூட யாரு வந்துருக்காவளா? யாரும் இல்ல. எங்க வீட்ல அவகிட்டயே சொல்லல. சொன்னா அழுது ஊரைக் கூட்டிருவா. சங்கரன்கோவில்ல கூட்டம்னு சொல்லிட்டு வந்தேன்.

போனா? போன் என்கிட்ட இல்ல அண்ணாச்சி. காலையில திருநெல்வேலி ஸ்டாண்டுல வச்சு, சங்கரன்கோவிலுக்குப் போற இசக்கிகிட்ட குடுத்துட்டேன். வேற எவனை நம்புதது? ஏற்கெனவே செஞ்சு பழகினவன், வாயையும் தொறக்க மாட்டான். அவன் வாங்க மாட்டேன்னுதான் சொன்னான். "வேண்டாம் சார், எம்மேல இரக்கம் வைங்க சார்"னு கும்பிடுதான். நான்தான் அதட்டிக் கையில திணிச்சேன். வீட்ல இருந்து போன் வந்தா எடுக்காத, மீட்டிங்ல இருக்கேன்னு மெசேஜ் மட்டும் போட்டுருன்னு சொல்லியிருக்கேன். ஒண்ணாந் தேதிக்குப் பொறவு இதெல்லாம் நடக்காது, அதான் இன்னைக்கே வந்தேன்.

வீட்டு நம்பரைச் சொல்லணுமா? சொல்லுதேன். தொண்ணூத்தி நாலு... நாப்பத்தி மூணு... அதுக்குப் பொறவு ஒண்ணா, ஏழா? எளவு, எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு, வாயில வர மாட்டேங்குது. வீடுன்னு போட்டு வச்சிருப்பேன், அமுக்கினா போவும். இசக்கி நம்பரும் அதுலதான். இருங்க, இருங்க, மூச்சு விட்டுக்கிடுதேன். இங்கன ஒரு கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. பயமா இருக்கு அண்ணாச்சி. கையை விட்டுராதீய.

கதவைத் தொறந்து பதிமூணுங்கா. போங்க, உங்க முறை விட்டுறப் போவுது. நான் இப்படிச் சாஞ்சுக்கிடுதேன், கண்ணு லேசா இருட்டுது. எங்க வீட்ல அவளை நினைச்சு நீங்க கவலைப்படாதீய. அவ ஒண்ணும் பயப்பட மாட்டா. நான் எடுக்கலன்னா ஆபீசுக்குப் போட்டுக் கேப்பா. அவனுவ மேப்பைப் பாத்து, சாரு சங்கரன்கோவில்ல நல்லா இருக்காருன்னு சொல்லிருவானுவ.